ஹோல்டான்

— இன்னும் கால் மணி நேரந்தான் இருக்கு ஐயா. பெரிய டாக்டர் வந்து பார்க்கும்போதும் மூணாவது அடியில நின்னீங்கன்னா, வீல்சேர்னு எழுதிடுவார்.

— எழுதட்டுமே! அவர் கைக்கு என்ன, என் காலுக்கு வந்த மாதிரி பக்கவாதமா வந்திருக்கு? பிரேக்கைக் கட்டிவிட்டுட்டு நட நடன்னா எந்த வண்டி நகரும், தெரபி தாயி?

— பிரேக் இல்ல ஐயா, பிரேஸ்! வலது பாதம் தொங்கித் தரையில இடறாம தூக்கிப் பிடிக்கிறதுக்கு.

— முப்பத்திநாலு வருஷம் பஸ் ஓட்டின பாதம்மா இது. ஒரு நாள் மலைப்பாதையில, உள்ள நூத்திப்பத்து பேரு, திடீர்னு எதிர்ல எருமைக் கூட்டம். மிதிச்சேன் பாரு! ஒரு எருமையும் அசைபோடுறதைக்கூட நிறுத்தல.

— போன வாரம் அறுபது பேருன்னீங்க.

— மீதிப் பேரு வழியில ஏறிட்டாங்க.

— விளையாடாதீங்க ஐயா. வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. வீல்சேர்னா வீட்டுக்கே போக முடியாது. உங்க பொண்ணு முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சாச்சு. உங்க வீட்டம்மா அந்த மூலையில உக்காந்து பை வாரை முறுக்கிக்கிட்டே இருக்காங்க, பாருங்க.

— அவ முகத்தைப் பார்த்தா அப்புறம் ரோட்டை யாரு பார்க்கிறது?

— எந்திரிங்க. கம்பியைப் பிடிங்க. ஒண்ணு... ரெண்டு... சாயறீங்க, ஹோல்டான் ஐயா, ஹோல்டான்! பார்த்தீங்களா, மறுபடியும் கட்டை மாதிரி நின்னாச்சு!

— நான் எங்க நின்னேன்? காலுதான் நிக்குது. முட்டி இரும்பாயிடுது தாயி.

— ஏம்மா தெரபி பொண்ணு, இப்ப என் வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னே?

— கம்பியைக் கெட்டியாப் பிடிக்கச் சொன்னேன்மா. ஹோல்டான்னு.

— அட கடவுளே! மூணு வாரமா என்னை வெளியவே உக்கார வச்சியே, இன்னைக்கு உள்ள விட்டதாலதான் இது என் காதுல விழுது. பஸ்ல கண்டக்டர் ஹோல்டான்னா வண்டியை நிறுத்துன்னு அர்த்தம். அதைக் கேட்டா இவர் கால் தூக்கத்துலகூட பிரேக் மிதிக்கும். எங்க கட்டில்ல ரெண்டு பலகை போச்சு!

— ஐயையோ! அப்ப மூணு வாரமா இவரை நிறுத்தினது...

— நீதான் தாயி! சொன்ன பேச்சுக் கேட்டதுக்கு எனக்கு வீல்சேரா?

— டாக்டர் வந்துட்டார்! இப்ப என்னம்மா பண்றது?

— நீ தள்ளி நில்லு. ஏங்க, நேரா பாருங்க. எல்லாரும் ஏறியாச்சு. ரை...ட், போலாம்!

— மூணு... நாலு... இடறவே இல்ல! எட்டு... பத்து! போதும் ஐயா, டாக்டரே கை தட்டுறார்! அம்மா, இப்படி ஒரு குரலை எங்க வச்சிருந்தீங்க?

— இவர் வண்டியில பத்தொன்பது வருஷம் டிக்கெட் பையை மாட்டிக்கிட்டுப் பின்வாசல்ல நின்னது யாருன்னு நினைச்சே?

— அம்மா, கம்பி முடிஞ்சுபோச்சு! அங்க சாத்தியிருந்த கைத்தடியை எடுத்துக்கிட்டுக் கதவைத் தாண்டறார்! ஹோல்டான் சொல்லுங்கம்மா, சீக்கிரம்!

— எதுக்கு? இவர் இறங்குற ஸ்டாப்பு மூணாவது மாடி வீட்டுலதானே இருக்கு.