ஆறு, ஏழு, எட்டு

ஹலோ… ஆமா, நான்தாண்ணா… ஆமா, ஆமா, தம்பி இப்பதான் பகடை உருட்டி போட்டோ அனுப்பினான். நாலும் மூணும், ஏழு… திரும்பவும் நான்தான். அப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது இன்னிக்கும் என் தலையிலதான்…

சிரிக்காத. சொல்றதக் கேளு…

ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரில நாலு மணி நேரம் சும்மாதானே உக்காந்திருந்தேன்? லேப்டாப்ப மடில வெச்சு எக்செல்ல உருட்டிப் பாத்தேன்… எதையா? பகடையத்தான். ஒண்ணுலேர்ந்து ஆறுக்குள்ள தன்னால நம்பர் விழற மாதிரி ரெண்டு கட்டம், பக்கத்துல கூட்டல். அப்படியே கீழ பத்தாயிரம் வரிக்கு இழுத்துவிட்டேன்…

ஆமா, பத்தாயிரம். அங்க வேற என்ன வேலை, சுவத்தப் பாக்கறதா?…

ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் விழுந்தா நீ போகணும். ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தம்பி. உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டாயிரத்து எழுநூத்துச் சொச்சம் விழுந்துது. எனக்கு நாலாயிரத்து நானூத்து நாப்பத்தஞ்சு…

தெரியும், தெரியும். உங்களுக்கு நாலு நம்பர், எனக்கு மூணேதான். ஆறு, ஏழு, எட்டு. பாவம், ஆபீஸும் போறா, அவளுக்கு மூணு போதும்னு நீதானே பிரிச்சுக் குடுத்த? அண்ணன்னா இப்படி இருக்கணும்னு நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்…

இரு, முடிச்சிடறேன். ரெண்டு விழ ஒரே வழிதான், ஒண்ணும் ஒண்ணும். ஏழு விழ ஆறு வழி இருக்கு… ஆமா, ஆமா, உனக்குப் போய் நான் சொல்லிக் குடுக்கணுமா? இருபது வருஷமா கணக்கு வாத்தியாரா இருக்க…

சத்தம் போடாத. நான் சண்டைக்கு வரல. அதுக்குத் தெம்பும் இல்ல. என் நேரம் சரியில்லன்னு நினைச்சே ஒரு வருஷம் ஓட்டிட்டேன். அப்படி நினைச்சப்போ இவ்வளவு வலிக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பிரிக்கும்போதே உனக்குத் தெரியுமா, தெரியாதா?…

ம்… தெரியும்… சரி. பொய் சொல்லாம விட்டியே…

வேண்டாண்ணா, காரணமெல்லாம் வேண்டாம். நான் கேக்கவே இல்லையே…

ஒரு நிமிஷம் இரு… என்னப்பா?… அண்ணன்தான்ப்பா… இன்னிக்குத் தன்கூட யாரு வராங்கன்னு அப்பா கேக்கறாரு. ஸ்பீக்கர்ல போடறேன். நீயே சொல்லு…

சொல்லு, பக்கத்துலதான் நிக்கறாரு…

ஹலோ?… ஹலோ?…

டவர் போயிடுச்சுப்பா. அண்ணனுக்கு அங்க எப்பவும் இதே தொல்லைதான். வாங்க, கையத் தூக்குங்க, சட்டையப் போட்டுடலாம்.