ஒரு சைஸ் பெரிசு

ஜூன் மாதம். உங்கள் பிள்ளைகள் எல்லாம் புது யூனிஃபார்மில் வந்திருக்கிறார்கள். உள்ளே வரும்போதே பார்த்தேன்… பாதிப் பிள்ளைகளுக்கு விரல் நுனி வரைக்கும் சட்டைக் கை தொங்குகிறது. சிரிக்காதீர்கள், நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வாங்கினேன். வளர்கிற பிள்ளை இல்லையா?

இதை ஒட்டி எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சின்னக் கதைதான்.

இருதயராஜ் என்று ஒருவர். எங்கள் தெருக்காரர். அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை மேடையில் சொல்கிறேன். கோவளம் பக்கம் உப்பங்கழியில் படகு விளையாட்டு கற்றுத்தரும் ஒரு கிளப். அங்கே அவர் மகள் மெர்லின் ஸ்லாலம் பழகினாள். ஸ்லாலம் என்றால் என்ன? முன்னால் மோட்டார் படகு இழுக்கும். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு பலகையில், ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை வைத்து நிற்க வேண்டும். நின்றால் போதாது, தண்ணீரில் மிதக்கும் பந்துகளை வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும். மெர்லின் அதைக் கிளப்பின் பழைய பலகையிலேயே செய்தாள். மாநில அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுசு வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சிங்கப்பூரில் மனைவியின் தம்பி இருக்கிறார். கடைக்குள் நின்று வீடியோவில் கூப்பிட்டார்.

"அத்தான், பாப்பா வெயிட் என்னன்னு கேக்கறாங்க."

"நாப்பத்திரெண்டு. அம்பதுன்னே சொல்லுங்க மாப்ள, அடுத்த வருஷம் வந்துடும்."

"படகு என்ன வேகத்துல போகும்னு கேக்கறாங்க."

"இப்ப மெதுவாத்தான் போகுது. நேஷனல்ஸ்க்குப் போனா எந்த வேகமோ, அதையே சொல்லிடுங்க."

"எந்தக் கால் முன்னாடி?"

அப்போதுதான் இவர் திரும்பி மகளைப் பார்த்தார். "இடது காலுப்பா" என்றாள் மெர்லின். அவளிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்… அதுவும் அவருக்குப் பதில் தெரியாததால்!

கடைசியில் பைண்டிங். பலகையோடு காலைப் பிடித்துவைக்கும் ரப்பர் பூட்ஸ் அது. பயிற்சியாளர் தணிகாசலம் சைஸை முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நம்மவர் என்ன செய்தார்? உங்களுக்கே தெரியும். ஒரு சைஸ் பெரிசு.

பலகை வந்தது. சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகு. தணிகாசலம் அவளை அதில் ஏற்றி, குனிந்து குதிகாலை அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

சார், இது ஆகாது என்றார். சோப்புத் தண்ணீர் போட்டால்தான் கால் உள்ளேயே போக வேண்டும், அவ்வளவு இறுக்கம் வேண்டும். விழுந்தால் இரண்டு காலும் சேர்ந்து கழல வேண்டும், இல்லை இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒன்று கழன்று ஒன்று மாட்டிக்கொண்டால் பலகை அந்தக் காலை முறுக்கிவிடும் என்று விளக்கினார். தேர்வுக்குப் பழைய பலகையே போதும் என்றும் சொன்னார்.

இருதயராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமன் கடல் தாண்டி அனுப்பியது. அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளப்பின் கீறல் விழுந்த பலகையிலா? ஷூ பெரிதாக இருந்தால் நாம் முனையில் பஞ்சு வைப்போமே, அதேபோல இரண்டு சாக்ஸ் போடச் சொல்லிவிட்டார். தணிகாசலமும் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வார்.

தேர்வு நாள் காலை. தண்ணீரில் இறங்கும் முன் மெர்லின் மெல்லச் சொன்னாள்.

"அப்பா… குதிகால் எழும்புது."

அவர் என்ன சொன்னார்?

"போகப் போகச் சரியாயிடும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் தடவி, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்கு மேலே அந்தப் பிள்ளை என்ன பேசும்? தண்ணீரில் இறங்கினாள்.

முதல் பந்தைச் சுற்றினாள். இரண்டாவதையும் சுற்றினாள். கரையில் இவர் பக்கத்தில் நின்றவரிடம், அடுத்த வருஷம் இதே பலகையில் அவள் எங்கே இருப்பாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது திருப்பத்தில் பின்கால் நழுவிவிட்டது. முன்கால் மாட்டிக்கொண்டது. பலகை திரும்பியது… கணுக்காலும் கூடவே திரும்பியது.

இன்று நன்றாக நடக்கிறாள். கல்லூரி முடித்துவிட்டாள். ஆனால் வேகமாகத் திரும்பினால் அந்தக் கணுக்கால் தாங்காது. தண்ணீருக்கு அவள் திரும்பப் போகவே இல்லை.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்திருக்கிறார்கள். அந்தப் பலகை இறங்கியிருக்கிறது. மெர்லின் அதைத் துடைத்துவிட்டு, விளையாட்டாகக் காலை உள்ளே விட்டாள். கொஞ்சம் அடம்பிடித்து, அப்புறம் போனது. விரல் நுழைய இடமில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இப்ப சரியா இருக்குப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருதயராஜ் மாடிக்குப் போய்விட்டார்.

பெற்றோர்களே… அவர் மகள்மேல் பாசம் இல்லாதவரா? நம் எல்லோரையும்போலப் பாசக்காரர்தான். ஆனால் அடுத்த வருஷத்து மெர்லினுக்கு எல்லாம் வாங்கினார். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கியவள் அந்த வருஷத்து மெர்லின். நாமும் அப்படித்தானே? ஆறாவது படிப்பவனை எட்டாவது பாடத்துக்கு டியூஷன் அனுப்புகிறோம். பேச்சுப்போட்டியில் நடுங்குகிற பிள்ளையைக் கலெக்டர் என்று கூப்பிடுகிறோம். சட்டை பெரிதாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். எல்லாவற்றையும் மடித்துத் தைக்க முடியுமா?

பிள்ளை "லூசா இருக்குப்பா" என்று சொல்லும். ஒரு தடவைதான் சொல்லும், அதுவும் மெல்லத்தான் சொல்லும். போகப் போகச் சரியாயிடும் என்று வாய் திறப்பதற்கு முன்னால்… கொஞ்சம் குனியுங்கள். குனிந்து, அந்தக் காலைத் தொட்டுப் பாருங்கள்.