வாசலைப் பார்த்த இடம்

எல்லைப் போராட்ட நாட்கள். பாறசாலை பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் இருந்தார்கள். மூத்தவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர். இளையவர் பினாங்கில் சீனர் வீட்டில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர்தான் ஆரம்பித்தார்.

“சீனன் விருந்து வச்சா பெரிய ஆள வாசலப் பாத்து இருத்துவான், அண்ணே.”

“அது என்னத்துக்கு?”

“வெட்ட எவனாவது வந்தா அவருக்கு முதல்ல தெரியணும். வீட்டுக்காரன் வாசலுக்கு முதுகு காட்டி இருப்பான். அதாக்கும் மரியாதை.”

“அப்ப நம்ம பந்தியில?”

“உங்க சம்பந்திதான் வாசலப் பாத்து இருக்கணும்.”

வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. கான்ஸ்டபிள் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்ததும் மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த வாசலப் பாத்த எடத்துல எனக்க மச்சினன இருத்துதேன், மக்கா. போராட்டத்துக்குப் போனவன்னு போலீசு தேடுது. தாய்மாமன் இல்லாம தாலி கெட்டக்கூடாதுன்னு எனக்க பெண்டாட்டி ஒரே அழுகை.”

“அப்ப சம்பந்தி?”

“எனக்க பக்கத்துல, வாசலுக்கு முதுகு காட்டி.”

“கோவிச்சுக்கிடுவாரே அண்ணே!”

“கோவிக்கட்டும். நல்ல தடிச்ச ஆளு. அவரு எதுத்தாப்புல இருந்தா வாசல்ல நிக்குத போலீசுக்கு மச்சினன் தெரியமாட்டான்.”