பாஞ்சாலையின் மூன்று சக்கர வண்டி

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சித்திரை வெயில். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு திருப்பம். ஒரு நாய்கூட இல்லை...

சாகில் இப்படித்தான் ஆரம்பித்தான். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. செங்கம் ரோட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையின் மொட்டை மாடியில் நாலு பேர். நடுவில் சாகில் வாங்கி வந்த அவித்த வேர்க்கடலைப் பொட்டலம்.

"பேய்க்கு ராத்திரிதானடா டியூட்டி?" என்றான் கோபி.

"இது வெயில்ல வந்தது. உரிச்சிக்கிட்டே கேளு."

நடந்தது அவனுடைய மாமு ஜானி பாஷாவுக்கு. மெக்கானிக். காயலான் கடையிலிருந்து அவரிடம் ஒரு சாக்கு வந்தது. உள்ளே தேங்காய் அளவில் ஒரு எஞ்சின், முழுக்கக் களிமண். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். கம்பெனி பெயர் இல்லை. நம்பரைத் துரு தின்றிருந்தது. சிலிண்டரை அளந்தார், கார்பரேட்டரைப் பார்த்தார். பெடல் மிதித்துக் கிளப்பும் பழைய மொபெட்டின் எஞ்சின், நாற்பத்தைந்து வருஷமாவது இருக்கும் என்றார்.

மூடியின் மேல் ஏதோ நெருடியது. காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கல்யாணப் பாத்திரத்தில் வெட்டுவது மாதிரி, புள்ளி புள்ளியாக ஒரு பெயர். தசரதன்.

எங்கே கிடைத்தது என்று கேட்டார். பாதையோரம் ஒரு கிணற்றைத் தூர் வாரியபோது வந்தது என்றார்கள். அதோடு யாராவது கிடந்தார்களா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

மாமுவிடம் வண்டி ரிப்பேருக்கு வரும் பாஞ்சாலைக்குச் சின்ன வயதிலிருந்தே கால் வராது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. அடி அண்ணாமலையிலிருந்து அதில் வந்து கிரிவலப் பாதையில் கடலை விற்றாள். தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் சுற்றினால் கையும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுற்றாவிட்டால் அடுப்பு எரியாது. அவளுக்காகத்தான் மாமு அந்த எஞ்சினை வண்டியின் பின்னால் மாட்டினார்.

ஐந்து நாள் ஒழுங்காக ஓடியது. ஆறாம் நாள், அந்தத் திருப்பத்தில், எஞ்சின் அணையப் பார்த்தது... மறுபடி பிடித்துக்கொண்டது. டுப் டுப் டுப். அதே சத்தம். ஆனால் வண்டி பின்னால் போனது.

அவள் வந்து சொன்னதைக் கேட்டதும் மாமு சிரித்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அப்படித்தான். அணையப் போகும் நேரத்தில் தீப்பொறி முந்திக்கொண்டால் தலைகீழாகச் சுற்றும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பாயிண்ட்டைச் சரிசெய்து அனுப்பினார். மறுநாளும் அதே திருப்பம், அதே மாதிரி. ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு மண் சரிவு. சரிவின் அடியில், புதிதாகத் தூர் வாரிய, சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு.

அடுத்த மத்தியானம் அவரே ஓட்டிப் பார்த்தார்.

திருப்பத்தில் வண்டி பின்வாங்கியது. பிரேக் பிடித்தார். நிற்கவில்லை. பெட்ரோலை மூடினார். டுப் டுப் டுப். பிளக் வயரைப் பிடுங்கினார். டுப் டுப் டுப். கருகிய ஆயில் நாற்றம். அதற்குள்ளே ஈரச் சேற்று நாற்றம்... குதித்துவிட்டார். வண்டி கிணற்று விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் தானாக நின்றது.

நாலு போல்ட்டையும் கழற்றி எஞ்சினைக் கிணற்றுக்குள் போட்டார். காது கொடுத்துக் கேட்டார். விழுந்த சத்தம் வரவேயில்லை.

வெறும் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பாஞ்சாலை எஞ்சின் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அது அந்த ஒரு எடத்துலதான் பாய் பின்னால போச்சு. நீங்க நான் முன்னால போறதையே புடுங்கிட்டீங்க."

ஒரு மாதத்தில் பேட்டரி மோட்டார் மாட்டித் தருகிறேன் என்று மாமு சத்தியம் செய்தார்.

மாதம் முடியவில்லை. ஒரு மத்தியானம், கடை வாசலில் டுப் டுப் என்று கேட்டது. மூன்று சக்கர வண்டி உள்ளே வந்தது, முதுகுப்பக்கமாக. கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். பின்னால் எஞ்சின் மாட்டும் இடம் காலி. சத்தம் மட்டும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

"நீங்க சிரமப்பட வேணாம் பாய். நானே கெணத்துல எறங்கி எடுத்துக்கிட்டேன்."

கால் வராதவள்.

ஒரு பொட்டலம் கடலையை நீட்டினாள். வாங்கும்போது விரல் பட்டது. ஜில்லென்று இருந்தது. நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது மாதிரி, வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தது.

சாகில் நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?" என்றான் கோபி.

"அப்புறம் என்ன. மாமு கடைய மூடிட்டாரு. அந்தம்மா வியாபாரம் பண்ணிக்கிட்டுதான் இருக்கு."

இந்தக் கடலையை எங்கே வாங்கினாய் என்று நான் கேட்டேன். சாகில் தன் கையிலிருந்த கடலைத் தோலைப் பார்த்தான். மெதுவாகக் கீழே வைத்தான்.

பொட்டலத்தை எடுத்து மொபைல் வெளிச்சத்தில் பிரித்தேன். அடிக் காகிதம் நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சேறு. கொஞ்சம் ஆயில்.