நாப்பத்தேழாம் நம்பர் ஃபாரம்

நாப்பத்தேழாம் நம்பர் நாந்தான், என்னைய லிஸ்ட்லேர்ந்து கழிச்சிறாதீங்க மேடம். அடுத்த மாசம் மூணாவது தடவயும் ஒங்க காலேஜ் ஃபாரம் குடுப்போம்னு சொன்னீங்கல்ல, அதுல நான் இருந்தே ஆவணும்.

ஆமாங்க, ரெண்டு ஃபாரத்துக்கும் நடுவுல பதினஞ்சு நாள்ல ஆளோட கொணம் மாறாதுதான். கோளாறு புடிச்ச கொணத்தக் கண்டுபுடிக்கிற கேள்வி, ரெண்டு தடவ கேட்டா ஒரே பதில் வரணும், வரலன்னா கேள்வியில கோளாறுன்னு அன்னிக்கே சொன்னீங்க. கேள்வியில ஒண்ணும் கோளாறு இல்லீங்க.

படிக்காமயா டிக் போட்டேன்? ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில மூட்ட ஏத்திக்கிட்டே நைட் ஸ்கூல்ல பத்தாவது பாஸ் பண்ணவன் நான். யாரோ என்னை எப்போதும் கண்காணிக்கிறார்கள்னு ஒரு கேள்வி. ரெண்டு தடவயும் ஆமான்னுதான் போட்டேன். பேக்கிங்ல மூணு கேமரா இருக்கே. அதயும் கோளாறுல சேத்துட்டீங்களா? சரி, விடுங்க.

எது, தப்பு என் மேல இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன், அதா? மொத தடவ ஒருபோதும் இல்லைன்னு போட்டேன். ரெண்டாவது தடவ எப்போதும். உறவுகளை முறித்துக்கொள்வேன், அதுவும் எப்போதும். அதுல ரெண்டு டிக் இருக்கே, கை தவறி விழல. அப்புடித்தான் போடச் சொன்னா.

எம் பொண்ணு, அபிநயா. செந்துறையில இருக்கா. புடிச்ச பையனக் கட்டிக்கிட்டா, நான் கல்யாணத்துக்குப் போவல. அவங்கம்மாகிட்ட தெனம் பேசுவா. எங்கிட்ட ரெண்டு வருசமா பேச்சில்ல.

மொத ஃபாரத்துல என்ன எழுதுனேன்னு வூட்ல சொன்னேன். எஞ்சம்சாரத்துக்கு ஒரே சிரிப்பு. ஒங்களப் பத்தி ஒங்களயே கேட்டா இப்புடித்தான் வரும்னா. அதான் ரெண்டாவது ஃபாரம் வந்ததும் அவ போன்லேர்ந்து எம் பொண்ணக் கூப்புட்டு, காலேஜ்ல கேக்குறாங்க, நீ சொன்னாத்தான் சரியா வரும்னேன்.

வச்சிடுவான்னு நெனச்சேன். வக்கல. சரி படின்னா.

அறுவது கேள்வி மேடம். ஒண்ணு விடல. பிறர் பேசும்போது குறுக்கிடுவேன்னு படிச்சேனா, அவ ஆமான்னு ஆரம்பிக்கறதுக்குள்ள, நான் எப்பம்மா அப்புடின்னு வாயெடுத்தேன். இதோ இப்பவே பண்றியேப்பா, எப்போதும்னு போடுன்னா.

கடேசில, இன்னும் கேள்வி இருக்கான்னு கேட்டா. இல்லன்னேன். வச்சிட்டா.

அடுத்த மாசமும் அறுவதுதானா மேடம்? கொஞ்சம் கூட்டிப் போட முடியாதா?