ஞாயிற்றுக்கிழமை எடுக்காத போன்

திங்கட்கிழமை சாயங்காலம், காலாப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஏதோ சமுதாய வானொலியில் நிகழ்ச்சி நடத்துகிறவள்.

“ரேடியோவுல நான் ‘போன் பண்ணுங்க, காத்துக்கிட்டிருக்கேன்’னு சொல்றப்ப, வீட்டுல துணி தொவைச்சிக்கிட்டு இருக்கேன்க்கா,” என்றாள்.

“அது எப்படி?” என்றாள் மூத்தவள்.

“சனி, ஞாயிறு வேலைக்கு ஆள் கெடையாது. வெள்ளிக்கிழமையே பேசி ரெக்கார்ட் பண்ணி, தானா ஓடுற மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, கதவப் பூட்டிட்டு வந்துடுவோம்.”

“யாராவது போன் பண்ணா?”

“யாரு பண்ணப் போறாங்கன்னு இருந்துட்டோம். இன்னிக்கி ஸ்டேஷன் போனைப் பாத்தா அத்தனை மிஸ்டு காலும் ஒரே நம்பர். எல்லாமே ஞாயித்துக்கிழமை. கூப்ட்டுப் பேசனேன். முதலியார்பேட்டையில ஒரு அம்மா. பிள்ளைங்க பிரான்ஸ்ல, இவங்க மட்டும் தனியா இருக்காங்க.”

“திட்டினாங்களா?”

“இல்லக்கா. ‘எத்தினி பேரு பண்ணுவாங்க உனக்கு, என் முறை வர்றப்ப வரட்டும்மா’ன்றாங்க. புரோகிராம் முடியற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருப்பாங்களாம்.”

“உண்மையச் சொல்லிட்டியா?”

“வாய் வரல.”

பஸ் கருவடிக்குப்பத்தைத் தாண்டியது.

“வர்ற ஞாயித்துக்கிழமை ஒருநாள் நீ போய் உக்காந்து போனை எடேன்.”

“சாவி குடுக்க மாட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவுன்னு, வர்ற ஞாயித்துக்கிழமைக்கும் சேத்து போன வெள்ளிக்கிழமையே பேசி வெச்சிட்டேன்க்கா.”

“அதுல என்ன சொல்லியிருக்க?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“காத்துக்கிட்டிருக்கேன்னுதான்.”