கடல் பக்கத்து வாசல்

கடற்கரையில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அலைக்குப் பயப்படுகிறார்கள். நான் ஆணிக்குத்தான் பயப்படுவேன். உப்புக்காற்று முதலில் ஆணியைத் தின்னும், அப்புறம் கதவுக் கீலை, அப்புறம் சுவருக்குள் இருக்கிற கம்பியை. அதனால் அப்பாவுக்காகக் கட்டிய வீட்டில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கம்பிக்கு மேல் கான்கிரீட்டை இன்னும் ஒரு விரல் தடிமன் கூட்டிப் போடச் சொன்னேன். மேஸ்திரி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். வேண்டுமானால் நீங்களே போய்த் தட்டிப் பாருங்கள், அந்த வீடு நம்மையெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் விழும்.

வீடு வேண்டும் என்றது அண்ணன். அப்பாவுக்கு மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளைகளின் பெயரே போய்விட்ட பிறகு அவனுக்கு இந்த யோசனை வந்தது. "அப்பாவுக்குக் கடல்னா உசுரு. அழகாவும் இருக்கணும், உறுதியாவும் இருக்கணும், நீ வரைஞ்சு குடு. லீவுக்கு நாங்க எல்லாரும் வந்துட்டுப் போவோம். நீயும் அப்பாவும் அங்கேயே நிம்மதியா இருக்கலாம்" என்றான். அக்கா தலையாட்டினாள். கல்யாணம் ஆகாதவளுக்கு நிம்மதி எங்கே இருக்கிறது என்பது கூடப்பிறந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் ஆபீஸை மூடிவிட்டு, நான் அடைந்து கிடக்கப்போகிற இடத்தை நானே அழகாக வரைந்து கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

அவர்கள்மேல் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. குளிப்பாட்டி, ஊட்டி, ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி நான் ஓய்ந்துபோயிருந்தேன். அப்பா என்னை அம்மா என்று நினைத்துச் சில நாள் திட்டுவார், சில நாள் கொஞ்சுவார். இரண்டுமே எனக்குச் சேர வேண்டியது இல்லை.

இந்த மறதி நோய்க்காரர்களில் பலருக்கு ஒரு சுபாவம் உண்டு. தரையில் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை இருந்தால் பள்ளம் என்று நினைத்து நின்றுவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான். தெருவாசல், சமையலறை, மாடிப்படி, எல்லா இடத்திலும் கறுப்புக் கல் பதித்தேன். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, அவரை யாரும் அதட்டவும் வேண்டாம். பார்க்க வந்த ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் எல்லாரும் இதைப் பாராட்டினார்கள்.

கடல் பக்கத்து வாசலில் மட்டும் கறுப்புக் கல் வைக்கவில்லை. அப்பாவின் அறையிலிருந்து வெள்ளைத் தரை ஒரே நீளமாக ஓடி, வாசலைத் தாண்டி, சரிவாக இறங்கி, வெளுத்த மணலில் போய் முடிந்தது. குடிவந்த அன்றே அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"எல்லா வாசல்லயும் போட்டுட்டு இங்க மட்டும் ஏன்டி விட்டுட்ட?"

"குறுக்க கறுப்பு வந்தா அழகு கெட்டுடும்கா."

உனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் மதியம் அப்பா எழுந்து நடந்தார். நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். வாசலைத் தாண்டினார், சரிவில் இறங்கினார். அந்தக் கரையில் நாலு எட்டு வைத்தால் ஆழம், உங்களுக்கும் தெரியும். நான் அவரைத் தள்ளவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிப்போகவும் இல்லை. ஒரு மனுஷர் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்கு நடந்தார். இதைத்தான் அன்றைக்கு நீங்கள் விசாரிக்க வந்தபோது உங்களிடம் சொன்னேன். அண்ணன் வந்து என் தலையைத் தடவி, "நீ என்ன பண்ணுவ பாவம், அப்பாவுக்கு விடுதலைன்னு நெனச்சுக்கோ" என்று தேற்றினான். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். வீடுதான் அவரை விட்டது, நான் வரைந்ததோடு சரி என்று.

ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன். ஈர மணல் கறுப்பாக இருக்கும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். அலை வந்து போன இடமெல்லாம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரே கறுப்புப் பட்டை. அப்பா அதன் ஓரத்தில் போய் நின்றுவிட்டார். கால் நனையவில்லை.

நான் நாற்காலியில் இல்லை. அவர் பின்னாலேயே போயிருந்தேன். கூப்பிட்டிருந்தால் சமர்த்தாகத் திரும்பி வந்திருப்பார், சாயங்காலம் காபி கொடுத்திருப்பேன். அவரே திரும்பிப் பார்த்தார். அன்றைக்கென்று என்னை அடையாளம் தெரிந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எத்தனையோ நாளாக அந்தக் குரலில் என் பெயர் வந்ததில்லை.

"பள்ளமா இருக்கேம்மா, போலாமா?" என்று கேட்டார்.

"தரைதான்பா, போங்க" என்றேன்.